மூத்திரப்பைக்குள் டிபி கிருமியா?

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு பி.சி.ஜி. எழுதிக்கொடுத்தால், நோயாளி வீடு போய்ச் சேர்வதற்குள் உறவில் ஒருவர் டாக்டராகிவிடுகிறார். "அது டிபி கிருமியாம். உயிரோட உள்ள விடுறாங்களாம். கேன்சர் போய் டிபி வந்துடும், பேரப்பிள்ளைக்கும் ஒட்டிக்கும்." மறுவாரம் நோயாளி வருவதில்லை. மாதங்கள் கழித்து வருகிறார், மறுபடி வளர்ந்த கட்டியோடு.

கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இப்படிச் சொல்பவரைச் சட்டைக் கையை மடிக்கச் சொல்வேன். இடது தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதா? பிறந்த கையோடு தடுப்பூசியாக உங்களுக்குள் விட்டதும் இதே கிருமிதான், உயிரோடுதான். உங்களைத் தூக்கி வளர்த்த அம்மாவுக்கு ஒட்டியதா?

இது மாட்டுக் காசநோய்க் கிருமியின் வம்சம். பிரான்சில் லீல் நகரத்தில் கால்மெட், குவெரின் என்ற இருவர் 1908-இல் தொடங்கி 13 ஆண்டுகள், 230 முறை, பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்கில் மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1976-இல் கனடாவின் அல்வாரோ மொராலிஸ், அதை 9 பேரின் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பலன் கண்டதை வெளியிட்டார். இன்றும் சுரண்டி எடுத்த கட்டி திரும்ப வராமலிருக்க நாங்கள் முதலில் நம்புவது இதைத்தான்.

கைக்குழந்தைக்குப் போடுவதைப்போல ஆயிரம் மடங்குக்குக் குறையாத அளவு என்பது உண்மை. ஆனால் ரத்தத்தில் ஏற்றுவதில்லை. மெல்லிய டியூப் வழியாகப் பைக்குள் விடுகிறோம். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்து வெளியேற்றிவிட வேண்டும். வாரம் ஒருமுறை, 6 வாரம். பையின் உட்சுவரில் ஒட்டும் கிருமியைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பணுக்கள் ஓடிவருகின்றன; வந்த இடத்தில் மிச்சமிருக்கும் புற்றணுக்களையும் சேர்த்தே தாக்குகின்றன.

தொல்லையே கிடையாது என்று சொல்லமாட்டேன். எரிச்சல் வரும், ஓரிரு நாள் காய்ச்சல் வரும். கிருமி ரத்தத்தில் கலந்து பரவுவது அரிது. பரவினால் டிபி மாத்திரைகளுக்கு அடங்கும், பைரசினமைடு ஒன்றைத் தவிர. டியூப் விடும்போது ரத்தம் கசிந்தால் அன்று போடாமல் திருப்பி அனுப்புவதும், எதிர்ப்பு சக்தி குன்றியவருக்கு மறுப்பதும் இதனால்தான். வீட்டார் செய்ய வேண்டியது: முதல் 6 மணி நேரம் அவர் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், ஒவ்வொரு முறையும் பிளீச் ஊற்றி 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டைத் தனியாக வைப்பதும் பேரனைத் தூக்கவிடாமல் தடுப்பதும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

"பாக்டீரியா தானே கட்டியைத் தேடிப்போய் மருந்தை இறக்கிவிடுமாமே" என்பவர்கள் எதிர்த் துருவம். எலிகளில் தேடிப்போனது. வீரியம் குறைத்த சால்மொனெல்லாவை 25 பேருக்கு ஏற்றிப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது: 3 பேரின் கட்டியில்தான் அது குடியேறியது, ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை.

உயிருள்ள மற்ற மருந்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மருந்தாகக் கொடுக்கும் மரபணு மாற்றிய பாக்டீரியா குடலிலேயே தங்கிவிடும் என்ற பயமா? தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணுவை நீக்கித்தான் அனுப்புகிறார்கள்; அது பெருக வழியில்லை. புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சையில் யாரோ ஒருவரின் அணுக்களை ஏற்றுகிறார்களா? மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி 2023-இல் அனுமதி பெற்ற சிகிச்சையில், நோயாளியின் டி அணுக்களையே எடுத்து மாற்றித் திருப்பிக் கொடுக்கிறார்கள். நல்ல பாக்டீரியாவுக்குத் தயிர் போதாதா? சோற்றுக்குப் போதும்.

கிருமிக்கு இவ்வளவு பயப்படுகிறவர்கள், சிறுநீரில் ரத்தம் போனால் மட்டும் "சூடு" என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். இரண்டு நாளில் ரத்தம் தானாகவே நின்றுவிடும், இளநீருக்குப் பெயர் கிடைத்துவிடும், கட்டி உள்ளே வளரும். வலியில்லாமல் ஒரே ஒருமுறை ரத்தம் போனாலும் ஸ்கேன் எடுங்கள், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பீடியை விடுங்கள். புகையின் நஞ்சு ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்தில் வடிந்து, அந்தப் பையில்தான் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. டிபி வருமா என்று நடுங்கி ஒருவழியாக பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர், அந்த இரண்டு மணி நேரத்துக்குள் என்னிடம் கேட்கிறார்: "சார், வெளியே போய் ஒரு பீடி இழுத்துட்டு வந்துடட்டுமா?"