மைனஸ் வந்தால் விண்டோ நிற்காது

கேள்வி: கூட்டுத்தொகை சரியாக K வரும் சப்-அர்ரேக்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். இரண்டு லூப் போட்டால் டைம் லிமிட் தாண்டிவிடுகிறது. ஸ்லைடிங் விண்டோவில் எழுதினேன். சில டெஸ்ட் கேஸ்களில் விடை குறைவாக வருகிறது. எதைக் கவனிக்காமல் விட்டேன்?

பதில்: தவறிய டெஸ்ட் கேஸ்களில் மைனஸ் எண்ணோ பூஜ்யமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலப்பக்கம் ஒரு எண்ணைச் சேர்த்தால் தொகை கூடும், இடப்பக்கம் ஒன்றை எடுத்தால் குறையும் என்ற நம்பிக்கையில்தான் விண்டோ நகர்கிறது. எல்லாமே பாசிட்டிவ் எண்கள் என்றால் அது சரி. மைனஸ் வந்ததும் அந்த நம்பிக்கை போய்விடும்.

2, -1, 3, -2, 2 என்ற அர்ரேயை எடுத்துக்கொள்வோம்; K = 2. மூன்றாவது எண்ணைச் சேர்த்ததும் தொகை 4 ஆகிறது. K-ஐத் தாண்டியதால் விண்டோ முதல் 2-ஐக் கழற்றிவிடுகிறது. அடுத்து வரும் -2 தொகையை மறுபடி இறக்கி, முதல் நான்கு எண்களையும் சேர்த்தால் 2 வரும்படி செய்கிறது. ஆனால் கழற்றியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. கடைசி 2 தனியாக நிற்பதும் விடுபடுகிறது. சரியான விடை 5. விண்டோ சொல்வது 3.

இங்கே கைகொடுப்பது பிரிஃபிக்ஸ் சம், அதாவது முதலிலிருந்து ஒவ்வொரு எண் வரைக்குமான தொகை. தொடக்கத்தில் 0, பிறகு 2, 1, 4, 2, 4. எந்தத் துண்டின் தொகையும் இவற்றில் இரண்டின் வித்தியாசம்தான். எனவே ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியது ஒன்றே: இப்போதைய தொகையில் K-ஐக் கழித்தால் வரும் எண் இதற்கு முன் எத்தனை தடவை வந்தது? அந்தக் கணக்கை ஹேஷ் மேப் வைத்திருக்கும். கடைசி 4-இல் நிற்கும்போது 2-ஐத் தேடுகிறோம். அது முன்பே இரண்டு தடவை வந்திருப்பதால் இரண்டு துண்டுகள் ஒரேயடியாகக் கிடைக்கின்றன. அர்ரேயை ஒரே ஒருமுறை கடந்தால் போதும்.

எழுதும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். லூப் தொடங்குமுன் மேப்பில் 0-க்கு 1 என்று போட்டுவையுங்கள். மறந்தால் முதல் எண்ணில் தொடங்கும் துண்டுகள் எண்ணப்படாது. முதலில் தேடுங்கள், பிறகு சேருங்கள்; மாற்றிச் செய்தால் K = 0 ஆகும்போது வெற்றுத் துண்டும் கணக்கில் ஏறிவிடும். மூன்றாவது, டேட்டா டைப். 2 லட்சம் எண்கள் கொண்ட அர்ரேயில் சுமார் 2000 கோடி சப்-அர்ரேக்கள் உண்டு; 32 பிட் இன்ட் 214 கோடியைச் சற்றுத் தாண்டியதோடு நின்றுவிடும். எல்லா எண்ணும் 0, K-யும் 0 என்றால் விடையே அந்த 2000 கோடிதான். சி++ என்றால் தொகைக்கும் விடைக்கும் லாங் லாங் போடுங்கள்.

மைனஸ் இல்லை, பூஜ்யம் மட்டும் உண்டு என்றால் விண்டோவைக் கைவிட வேண்டியதில்லை. தொகை K-க்கு மிகாத துண்டுகளை எண்ணி, K-1-க்கு மிகாதவற்றைக் கழித்துவிடுங்கள். அதற்கு மேப்பும் தேவையில்லை.