பதிமூணு கண் பாலம் – நாலடிப் பலகையில்!
(மாதிரி ரயில் பாதை அமைக்க விரும்புவோருக்கு ஒரு செய்முறைப் பாடம்)



மாதிரி ரயில் என்றதும், "இது சின்னப் பசங்க வெளையாட்டுல்லா!" என்று சிரிப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் ஒரு சிறு ரயில் பாதையை அளவு பிசகாமல் செய்துமுடிக்க நில அளவை வேண்டும், வரைபடம் வேண்டும், மரவேலை வேண்டும், மின்சுற்று வேண்டும். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய நாலு துறையும் ஒரே பலகையில் சந்திக்கும் வேலை இது!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946-இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கழகம் தொடங்கினார்கள். அதில் ஒரு சாரார் மலையும் வீடும் செய்தார்கள். இன்னொரு சாரார் பலகைக்கு அடியில் படுத்து ஒயரும் ரிலேயும் இணைத்தார்கள். அந்த இரண்டாவது கூட்டத்திலிருந்துதான் 1950-களின் இறுதியில் முதல் தலைமுறைக் கம்ப்யூட்டர் கில்லாடிகள் பலர் புறப்பட்டார்கள். நம் நாட்டிலும் புனேயில் ஜோஷி அவர்களின் சின்ன ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்களை ஈர்த்து வருகிறது. ஆகவே இதை விளையாட்டு என்று தள்ள வேண்டாம்.

எதைச் செய்வது?

வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துப் பனிமலை ரயில் செய்ய வேண்டிய அவசியம் தென்காசிக்காரனுக்கு இல்லை. நம் வாசலிலேயே செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை இருக்கிறது. திருநெல்வேலியையும் கொல்லத்தையும் இணைத்து 1904-இல் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதை அது. விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-இல் வந்த பாதை 2004-இல் அகலப்பாதையானது. மலைப்பகுதியில் மட்டும் மீட்டர் கேஜ் ரயில் 2010 வரை ஓடியது. பிறகு நிறுத்தப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. கழுதுருட்டிக்கு அருகே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் பதின்மூன்று வளைவுக் கருங்கல் பாலம் இந்தப் பாதையின் மகுடம். "பதிமூணு கண் பாலம்" என்றால் தெரியாதவர் இங்கே யார்?

நம்மில் இளையவர்களுக்கு அந்த மீட்டர் கேஜ் ரயில் தாத்தா, பாட்டி வாயால் கேட்ட கதைதான். பாதை மாறியது, பல நிலையங்களின் பழைய முகமும் மாறியது. அளவோடு செய்த ஒரு மாதிரி, அந்தக் கதைக்கு ஓர் ஆவணம் ஆகும்.

முதல் பாடம்: அளவு விகிதம்

கடையில் கிடைக்கும் மாதிரி ரயில்களில் உலகெங்கும் அதிகம் விற்பது எச்.ஓ. வகை. விகிதம் 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது 1435 மி.மீ. கொண்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குப் பொருந்தும். நம் அகலப்பாதையோ 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. கடைத் தண்டவாளம் பொருந்தாதே, என்ன செய்வது?

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 1676-ஐ 16.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 101.6. அதாவது கடைத் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் 1:100-இல் செய்தால் நம் அகலப்பாதை ரயில் கிடைத்துவிடும்! பிழை கால் மில்லிமீட்டர்தான். 1:100 என்பது நம் டிராயிங் ஹாலில் தினமும் புழங்கும் விகிதம். ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. மனக்கணக்கே போதும்.

2010-க்கு முந்திய மீட்டர் கேஜ்தான் வேண்டும் என்பவர்கள் 1:87-இல் 12 மி.மீ. தண்டவாளம் பயன்படுத்தலாம். 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5, அதற்கு மிக நெருங்கியது 12. ஆனால் இந்தத் தண்டவாளம் கிடைப்பது அரிது, விலையும் கூடுதல். முதன்முதலாகச் செய்பவர்கள் 2018-இல் அகலப்பாதை திறந்த காலத்தை எடுத்துக்கொள்வது நல்லது. எந்த ஆண்டு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எஞ்சின் ஒரு காலம், பெட்டி ஒரு காலம் என்று கலந்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

1:100-இல் சில அளவுகள்:

ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி – நீளம் 213 மி.மீ., அகலம் 32 மி.மீ., தண்டவாளத்திலிருந்து உயரம் 40 மி.மீ.
பெட்டிச் சக்கரம் – விட்டம் 9 மி.மீ.
கான்கிரீட் ஸ்லீப்பர் – நீளம் 27.5 மி.மீ., இடைவெளி ஏறத்தாழ 6 மி.மீ.
சராசரி மனிதர் – 16.5 மி.மீ.
50 மி.மீ. ஜல்லி – அரை மி.மீ.!

பதின்மூன்றா, ஏழா?

பாலத்தின் நீளம் ஏறத்தாழ 103 மீட்டர். 1:100-இல் 103 செ.மீ. நாலடிப் பலகை 122 செ.மீ. பாலத்தை வைத்தால் இரு பக்கமும் ஒன்பது செ.மீ.தான் மிச்சம். "ஏழு கண் போட்டாப் போதும்டா, யாரு எண்ணப் போறா?" என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்! கண்காட்சிக்கு வரும் செங்கோட்டைக்காரர் ஒவ்வொருவரும் எண்ணுவார். மலையைக் குறைக்கலாம், காட்டைக் குறைக்கலாம், நிலையத்தைக் குறைக்கலாம். பெயரிலேயே எண்ணிக்கை இருக்கும் பாலத்தில் கண்ணைக் குறைத்தால் அது வேறு பாலம்.

ஆகவே இரண்டு பலகை போடுங்கள். ஒவ்வொன்றும் 4 அடிக்கு 1½ அடி. முதல் பலகையில் பகவதிபுரம் நிலையமும் குகை வாசலும். இரண்டாம் பலகை முழுக்கப் பாலம். அதற்கப்பால் 90 செ.மீ. நீளத்தில் அலங்காரமே இல்லாத ஒரு குறுகிய பலகையைத் திரைக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். பாலம் கடந்த ரயில் அங்கே போய் நின்று, சற்று நேரம் கழித்துத் திரும்பி வரும்.

பகவதிபுரத்துக்கும் பாலத்துக்கும் நடுவே நிஜத்தில் பல கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்குத்தான் குகை. பகவதிபுரம் தாண்டியதும் மாநில எல்லையில் அரை மைலுக்கும் மேல் நீளமான குகை நிஜமாகவே உண்டு. நம் பலகையில் 25 செ.மீ. போதும். ரயில் உள்ளே மறைந்து வெளியே வந்தால், வெகுதூரம் வந்துவிட்டதாகப் பார்ப்பவர் மனமே ஒப்புக்கொள்ளும். குகைக்கு இந்தப் பக்கம் நெல் வயல், தென்னை, வறண்ட பாறை. அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம், தேக்கு, ஈரம் சொட்டும் காடு. இந்த மாற்றத்தை இரண்டு பலகையிலும் காட்டினால் ஊர்ப்பெயர் எழுதாமலே இடம் புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அழகுக்காக பாலத்தின் பக்கத்தில் குற்றாலம் மெயின் அருவியை வைக்க ஆசை வரும். அருவி ஐம்பது மீட்டருக்கு மேல். 1:100-இல் அரை மீட்டருக்கு மேல் நிற்கும். இடமும் தப்பு, பாலமும் குள்ளமாகத் தெரியும். தென்காசி கோபுரத்துக்கும் இதே கதிதான். அவற்றைப் பின்திரை ஓவியத்திலும் வைக்க வேண்டாம்.

பலகையும் பாதையும்

12 மி.மீ. பிளைவுட், அடியில் 2×1 அங்குல ரீப்பர் சட்டம். பெவிகாலும் திருகும் சேர்த்துப் பூட்டுங்கள். நம் ஊர் சாரல் மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம். பூசாத பலகை நெளிந்துவிடும். மேல், கீழ், ஓரம் எல்லாப் பக்கமும் பிரைமர் அடித்துவிடுங்கள்.

பாலப் பலகையில் தரை தாழ்வு, ரயில் உயரம். நிலையப் பலகையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஆகவே தரையை அல்ல, தண்டவாள மட்டத்தைத்தான் இரு பலகையிலும் ஒன்றாக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்டவாளத்துக்கு அடியில் தெர்மோகோல் கூடாது, அமுங்கும். பிளைவுட் தாங்கிகள் கொடுங்கள். தெர்மோகோல் மலைக்கு மட்டும்.

இரண்டு பலகை சேரும் இடத்தில்தான் ரயில் தடம் புரளும். அதைத் தவிர்க்க, முதலில் பலகைகளை போல்ட் போட்டு இறுக்கி, தண்டவாளத்தை இணைப்பின் குறுக்கே ஒரே துண்டாகப் பதியுங்கள். இணைப்பின் இரு ஓரத்திலும் பித்தளைத் திருகு இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தை சால்டரிங் செய்யுங்கள். அதன் பிறகே மெல்லிய ஹாக்ஸா பிளேடால் நடுவில் அறுக்க வேண்டும். எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் நேராக நிற்கும்.

மின்சாரம்

இந்த ரயில்கள் 12 வோல்ட் டி.சி.யில் ஓடுகின்றன. இரு தண்டவாளமும் இரு முனைகள். 12 வோல்ட், 1 ஆம்பியர் ட்ரான்ஸ்பார்மர், நாலு 1என்4007 டையோடு, 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வேகம் கூட்டிக் குறைக்க எல்.எம்.317. இந்த ஐ.சி.க்கு ஹீட் சிங்க் கட்டாயம். எஞ்சின் மெதுவாகப் போகும்போதுதான் அது அதிகம் சூடாகும். மிச்ச வோல்டேஜ் முழுவதும் அதன் தலையில் விழுகிறது அல்லவா?

முன்னும் பின்னும் ஓட டி.பி.டி.டி. சுவிட்ச். நடு இரண்டு முனை தண்டவாளத்துக்கு. ஒரு ஓரத்து இரண்டு முனை சப்ளைக்கு. மறு ஓரத்து முனைகளுக்கு அதே சப்ளையைக் குறுக்காக மாற்றிக் கொடுங்கள். சுவிட்சைத் தட்டினால் திசை மாறும். ஒவ்வொரு பலகைக்கும் தனி ஒயர் இழுத்துத் தண்டவாளத்தில் சால்டர் செய்யுங்கள். இணைப்புத் தகடுகளை நம்ப வேண்டாம். 230 வோல்ட் பகுதி முழுவதும் மூடிய பெட்டிக்குள், பியூஸுடன், பலகைக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

இன்னொரு வசதி. நம் மலைப்பாதையில் ஏற்றத்துக்காக ரயிலுக்கு முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின் போடும் வழக்கம் உண்டு. மாதிரியிலும் அப்படியே செய்தால், திரும்பும்போது எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக்கொண்டுவர வேண்டியதில்லை! ஒன்றுக்கு மோட்டார் இருந்தால் போதும். மற்றது வெறும் கூடாக உருளலாம். இரண்டு எஞ்சின், இரண்டு பெட்டி சேர்ந்தால் ஏறத்தாழ 85 செ.மீ. நிலையத்திலும் அடங்கும், பாலத்திலும் அடங்கும்.

ஒயரிங் முடித்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் மலை, மரம் எல்லாம். அலங்காரம் முடிந்தபின் கோளாறு தேடினால் மலையை உடைக்க வேண்டி வரும்.

பாலம் கட்டுதல்

முதலில் சாலையில் நின்று நேர் எதிரே படம் எடுங்கள். கல் வரிசைகளை எண்ணுங்கள். கையெட்டும் இடத்தில் ஒரு வரிசையின் உயரத்தை டேப்பால் அளந்து, எண்ணிக்கையால் பெருக்கினால் உயரம் கிடைக்கும். தண்டவாளத்தில் ஏறி அளக்கக் கூடாது. அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை இரண்டைச் சேர்த்துப் பிடித்து, இரு முகப்பையும் ஒன்றாக அறுங்கள்; கண்கள் தானாக ஒத்துவரும். நடுவில் மரக்கட்டைகள் வைத்து ஒட்டுங்கள். வளைவின் உள்வயிற்றுக்குக் கெட்டிச் சார்ட் அட்டை. மேலே பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மெல்லிய பூச்சு. அரைகுறையாகக் காயும்போது ஊசியால் கல் வரிசை கீறுங்கள். சாரல் நாளில் காய நேரமாகும், அவசரப்படாதீர்கள். நிறம் வெறும் சாம்பல் அல்ல. கறுப்பும் பழுப்பும் கலந்து, தண்ணீர் வழியும் இடங்களில் பாசிப் பச்சை.

நுணுக்கங்கள்

ஜல்லிக்கு டீ வடிகட்டியில் சலித்த மணல். தண்டவாளத்தின் நடுவே தூவி, பிரஷ்ஷால் ஒதுக்கி, தண்ணீர் தெளித்து, பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த ஒரு சொட்டு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கும்.

மரங்களைப் பெரும்பாலோர் செடி அளவில் செய்கிறார்கள். 18 மீட்டர் தென்னை 18 செ.மீ. இருக்க வேண்டும்! பழைய செம்புக் கம்பியை முறுக்கி அடிமரம், தேங்காய் நாரைப் பிரித்துக் கிளை, சாயம் தோய்த்த மரத்தூள் இலை. ரப்பர் மரங்களை வரிசை பிசகாமல் நடுங்கள். அது தோட்டம், காடு அல்ல. நிலையப் பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்து. ஆட்கள் பத்துப் பேர் போதும். ஓடுகிற பாவனை வேண்டாம், நிற்பவர், உட்கார்ந்தவர் செய்யுங்கள். ரயில் மட்டும் நகரட்டும்.

கண்காட்சி அன்று காலையில் தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ரயில் விக்கி விக்கி ஓடினால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் அழுக்குதான்.

நிறைவாக...

தெரிந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரை அழைத்து வந்து பலகையின் முன் உட்காரவையுங்கள். "ஏய், இந்தச் சிக்னல் இங்க இல்லப்பா, அந்தாப்ல இருந்துச்சு" என்று அவர் திருத்துவார். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. கேட்க இன்னும் சில ஆண்டுகள்தான் வாய்ப்பு இருக்கிறது.

சிவில் நண்பன் பாலம் கட்டட்டும், மெக்கானிக்கல் நண்பன் பலகை பூட்டட்டும், எலெக்ட்ரிகல் நண்பன் விளக்கேற்றட்டும். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் பதின்மூன்று கண்ணும் முழுதாக நிற்க வேண்டும். எண்ணிப் பார்க்க நாங்கள் வருவோம்!

– இயந்திரவியல் துறை மூன்றாமாண்டு மாணவன்