ஏடும் நாடாவும்

ஒரு பொருள் காலங்கடந்து நிலைபெற வேண்டுமாயின், அது காலந்தோறும் படியெடுக்கப்படல் வேண்டும். இவ்வுண்மையை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பனையோலை ஏட்டைச் செல் அரிக்கும், விளிம்பு உதிரும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்தனர். பெயர்த்தெழுதுவார் இன்றிக் கிடந்தவை மறைந்தன. சிறுப்பிட்டி ஈன்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881 இல் வீரசோழியத்தையும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். அழியும் நிலையில் நின்ற நூல்களை ஏற்ற வேளையிற் படியெடுத்த அருந்தொண்டு அது.

இன்று எம்மவர் வீட்டு அலுமாரிகளில் வேறொரு வகை ஏடு சிதைந்துகொண்டிருக்கின்றது. அதுவே வீடியோக் கசெற்று. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயிற் கொடியேற்றம், பரிசளிப்பு விழா என எத்தனையோ நிகழ்ச்சிகள் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் காக்கும் வழியை எமது பட்டறிவுகொண்டு இங்கு ஆராய முற்படுகின்றோம்.

ஏட்டிற்கும் நாடாவிற்கும் உள்ள பெரு வேறுபாடு ஒன்றுண்டு. ஏட்டைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதும். நாடாவைப் படிக்கவோ ஒரு பொறி வேண்டும். அரை அங்குல அகலமுடைய அந்த நாடாவின்மேற் காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையினால் ஒட்டப்பட்டுள்ளன. டெக்கினுள் நாடா நொடிக்கு ஏறத்தாழ 2.34 சென்ரிமீற்றர் அளவே நகர, அதனைத் தழுவி நிற்கும் உருளை நொடிக்கு 25 முறை சுழல்கின்றது. உருளையிற் பொருத்திய நுண்ணிய தலைகள் நாடாவின்மேற் சாய்ந்த கோடுகளாய் உள்ள பதிவைப் படிக்கின்றன. பசை ஈரத்தை உறிஞ்சினால் நாடா பிசுபிசுக்கும், துகள் உதிரும். கடற்காற்றும் மாரிக்கால ஈரமும் மிக்க எமது குடாநாட்டிற் பூஞ்சணமும் எளிதிற் படரும்.

நாடா நலமாயிருப்பினும் பொறி அருகிவிட்டது. ஜேவிசி நிறுவனம் 1976 இல் வெளியிட்ட விஎச்எஸ் முறை உலகெங்கும் பரவிற்று. அம்முறைக்குரிய டெக்குகளை இறுதிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனமாகிய பூனாய் 2016 இல் அத்தொழிலை நிறுத்திற்று. இப்பொழுது எஞ்சியுள்ளவை யாவும் பழைய பொறிகளே. யுனெஸ்கோ நிறுவனமும் 2019 இல் காந்த நாடாக்களின் ஆபத்தை உலகிற்கு எடுத்துரைத்தது.

எமது சொந்தப் பிழை ஒன்றையும் மறையாது கூறுதல் நன்று. எம் சிற்றன்னையாரின் திருமணம் 1986 இல் நிகழ்ந்தது. அவ்விழாவில் எம் பாட்டனார் தேவாரம் ஓதி மணமக்களை வாழ்த்தினார். அந்தக் கசெற்றை 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எம் அன்னையார் சேலைப் பொதியினுள் வைத்துத் தென்மராட்சிக்குச் சுமந்து சென்றார். ஊர் மீண்டபோது கசெற்று எம்முடன் வந்தது, பாட்டனார் மீளவில்லை. 2023 இற் பழைய டெக்கு ஒன்றை விலைக்கு வாங்கி, அன்றிரவே அக்கசெற்றை ஆவலுடன் உட்செலுத்தினோம். டெக்கை முன்னர்ச் சோதித்தோமில்லை. நாடாவின் ஓரத்தில் வெண்மையாய்ப் படர்ந்திருந்ததையும் கவனித்தோமில்லை. பாட்டனார் வாய்திறக்கும் வேளையில் நாடா சிக்குண்டு கசங்கிற்று. அன்னையார் ஒன்றுங் கூறாது எழுந்து உள்ளே சென்றார். போர்க்காலத்திற் காத்த பொருளைச் சமாதான காலத்திற் கெடுத்தோம்.

நல்லூழாகச் சிற்றன்னையார் ரொறன்ரோவுக்குச் செல்கையில் ஒரு படி கொண்டுசென்றிருந்தார். ஆயினும் இலங்கையில் வழங்குவது பால் முறை. கனடாவில் வழங்கியது என்ரிஎஸ்சி முறை. ஆதலின் அங்கு அதனை மாற்றி மற்றொரு படி எடுத்திருந்தனர். அப்படியிலிருந்து பாட்டனாரின் குரலை மீட்டோம். முகம் மங்கியிருந்தது, குரலில் இரைச்சல் மிகுந்திருந்தது. நாடாவிலிருந்து நாடாவிற்கு எடுக்கும் ஒவ்வொரு படியும் முன்னதிலும் குறைவுடையதாகும். எண்ணிமக் கோப்போ எத்தனை முறை படியெடுப்பினும் குறைவதில்லை. இதுவே எண்ணிமப்படுத்தலின் பெரும் பயன்.

இனிச் செய்முறையைக் கூறுவாம். முதலிற் கசெற்றின் கண்ணாடிச் சாளரத்தினூடே நாடாவை நோக்குக. பூஞ்சணம் காணப்படின் அதனைப் பிறவற்றினின்றும் பிரித்து வைக்க, டெக்கில் இடற்க. அதனைத் துப்புரவு செய்தல் தேர்ந்தவர் தொழில். மீண்டும் பதிவதற்கு இடங்கொடுக்கும் சிறு தகட்டை உடைத்துவிடுக. தவறுதலாகப் பழைய பதிவு அழியாது. டெக்கின் தலைகளைத் துப்புரவாக்கி, இழப்பினும் கவலையில்லாத ஒரு கசெற்றை ஓடவிட்டுச் சோதிக்க. பின்னரே அரிய நாடாவை இடுக. வெளிநாட்டிலிருந்து வந்த கசெற்றாயின் பலமுறைகளையும் படிக்கவல்ல டெக்கு வேண்டும்.

டெக்கையும் கணினியையும் ஒரு பதிவுக் கருவியால் இணைத்து, நாடாவை முதலிலிருந்து இறுதிவரை ஓடவிடல் வேண்டும். மூன்று மணிநேரக் கசெற்றுக்கு மூன்று மணிநேரம் செல்லும். இதிற் குறுக்குவழி இல்லை. டிவிடி தரத்தில் ஒரு மணிநேரம் ஏறத்தாழ 2 ஜிகாபைற் இடங்கொள்ளும். படியெடுத்த பின்னரும் மூல நாடாவை எறிதல் ஆகாது.

எண்ணிமக் கோப்பும் அழியாப் பொருளன்று. வன்தட்டும் ஒருநாட் பழுதாகும். ஆதலின் மூன்று படிகள் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வைத்த செல்வத்திற்கு நேர்வது யாதென்பதை, 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் எமக்குக் கற்பித்துள்ளது. அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் பணி அவ்விழப்பின் பாடத்தைக் கற்றார் செயலேயாம்.

இன்னும் ஒன்று. படத்தில் உள்ளாரின் பெயரை எழுதிவைத்தல் இன்றியமையாதது. ஊர், ஆண்டு, நிகழ்ச்சி, உறவுமுறை ஆகியவற்றை முதியோரைக் கேட்டுக் குறித்தல் வேண்டும். அவர்தம் நினைவும் ஒரு நாடாவே. அதற்குப் படியெடுக்கும் பொறி கேட்பார் செவியன்றி வேறில்லை. எம் அன்னையார் அருகமர்ந்து மீட்ட படத்தைக் கண்டு, யாம் அறியாத முப்பத்தொரு பெயர்களைச் சொல்லித் தந்தார். அன்று முதல் எம்முடன் அவர் அந்தக் கசெற்றைப்பற்றி மகிழ்ந்து பேசுகின்றார்.

பழைய மாணவ அன்பர்காள்! எமது கல்லூரியின் விளையாட்டு விழாக்களும் நாடகங்களும், மறைந்த எம் ஆசிரியப் பெருமக்களின் உரைகளும் நும் வீட்டுக் கசெற்றுகளில் உறங்கக்கூடும். இலண்டனிலாயினும் கொழும்பிலாயினும் கோண்டாவிலிலாயினும் அலுமாரியைத் திறந்து பாருங்கள். மாணவச் செல்வங்காள்! கணினி நுமக்குக் கைவந்த கலை. நும் பாட்டியார் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து இப்பணியைச் செய்யுங்கள். பொறி ஓடும்போதே, பெயர் சொல்வார் உள்ளபோதே, படியெடுத்து வைப்போமாக.