ஜன்னலோரம் சாத்திய சைக்கிள்

அன்புள்ள வாசகருக்கு,

சைக்கிளைப் பற்றிய புதுக்கவிதை எதையெடுத்தாலும் காற்று, விடுதலை, இளமை என்றே போய்விடுகிறது, அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தினமும் சைக்கிள் மிதிப்பவருக்கு அந்த அலுப்பு வரத்தான் செய்யும். பலரும் பயணத்தை எழுதுகிறார்கள், வண்டியைப் பார்ப்பதில்லை. ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனியைப் படியுங்கள். அவருடைய சைக்கிள்கள் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கின்றன.

1975-இல் வந்த 'நார்த்' தொகுப்பில் 'எ கான்ஸ்டபிள் கால்ஸ்' என்ற கவிதை இருக்கிறது. வட அயர்லாந்தில் ஒரு கத்தோலிக்க விவசாயியின் வீடு. சாகுபடிக் கணக்கு எழுத போலீஸ்காரர் வந்திருக்கிறார். கவிதை அவரை விட்டுவிட்டு, ஜன்னலோரம் சாத்திய அவருடைய சைக்கிளில் தொடங்குகிறது. வெயிலில் சூடேறும் கறுத்த கைப்பிடிகள், பின்னால் சாய்த்துவிட்ட டைனமோ, பூட்ஸ் கால் இறங்கியதும் விடுபட்டுத் தொங்கும் பெடல். உள்ளே, கவிதையைச் சொல்லும் பையனின் அப்பா ஏக்கர் கணக்குச் சொல்கிறார். உருளைக்கிழங்கு விதை தீர்ந்த இடத்தில் போட்ட ஒரு வரிசை டர்னிப்பை மட்டும் சொல்லவில்லை. பையனுக்கு அது தெரியும். போலீஸ்காரரின் தோலுறையில் ரிவால்வர் தெரிகிறது; லாக்கப் இருட்டைப் பையன் கற்பனை செய்கிறான். அரசாங்கத்தின் மீது ஒரு சமூகத்துக்கிருந்த அச்சத்தை இவ்வளவு சிறிய பொய்யில் காட்டிய கவிதை எனக்குத் தெரிந்து வேறில்லை. வட அயர்லாந்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த எழுபதுகளில் அது வெளிவந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1991-இல் வந்த 'சீயிங் திங்ஸ்' தொகுப்பில் இன்னொரு பையன். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கையால் பெடலைச் சுற்றுகிறான். வேகத்தில் கம்பிகள் மறைந்துபோகின்றன. உள்ளே எறிந்த உருளைக்கிழங்கு கூழாகி முகத்தில் தெறிக்கிறது. பிறகு சேற்று நீரில் வைத்துச் சுற்றுகிறான், ரிம் துருப்பிடித்துச் செயின் அறுகிறவரை! சிறுவயதில் இதைச் செய்து வீட்டில் அடி வாங்காதவர்கள் குறைவு.

ஓடுகிற சைக்கிளே வேண்டுமென்றால் மைக்கேல் டொனஹியின் 'மெஷின்ஸ்'. பர்செலின் இசையையும் பந்தய சைக்கிளையும் அருகருகே நிறுத்தும் காதல் கவிதை. நகர்ந்தால்தான் விழாமலிருக்கலாம் என்ற சங்கதி அதில் உபதேசமாக வராமல் ஓசையாகவே வருகிறது.

முதலில் போலீஸ்காரர் கவிதையை வாய்விட்டுப் படியுங்கள். கடைசியில், கிளம்பும் சைக்கிளின் சத்தத்துக்கு ஒரே சொல் மூன்று முறை வரும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.