வாளை விற்கும் கடை அரத்தையும் விற்க வேண்டும்

ஒரு பொருளை விற்றுக் கல்லாவில் பணம் விழுந்ததோடு வியாபாரம் முடிந்துவிடுவதில்லை. வாங்கியவரிடம் அது ஒழுங்காக உழைக்கும் வரை அந்த வியாபாரம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. வண்டு விழுந்த பருப்பைக் கொடுத்தால் அடுத்த மாதம் அந்த வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்பது மளிகைக்காரர்களாகிய நமக்குத் தெரியும். ஆனால் கருவிகளை விற்கும்போது மட்டும் இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறோம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகள் தரையில் சாய்ந்தன. அதுவரை மரவாடிகளில் மட்டும் பார்த்த மரம் அறுக்கும் மிஷினை, அதாவது பெட்ரோலில் ஓடும் செயின் சாவை, சாதாரண விவசாயிகளும் தேடி வந்தார்கள். மளிகையோடு ஆணி, கயிறு, மண்வெட்டி வைத்திருந்த நம்மில் சிலரும் விலை குறைந்த மிஷின்களை வாங்கி விற்றோம். சரக்கு நன்றாகவே ஓடியது. ஆனால் சில மாதங்களில் அதே மிஷின்கள் கடைக்குத் திரும்பி வந்தன. “மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களே” என்ற பேச்சும் சேர்ந்து வந்தது.

பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் சரக்கின் மீது குற்றம் இல்லை. ஒன்றில் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியதால் பிஸ்டன் பிடித்துப் போயிருந்தது. இன்னொன்றில் சங்கிலிக்கு எண்ணெயே இறங்கவில்லை. மற்றவற்றில் பல் மழுங்கியிருந்தது, அவ்வளவுதான். மிஷினை விற்ற நாம், அதைக் காப்பாற்றும் வழியை விற்கவில்லை. குறை நம்முடையது.

உடன் விற்க வேண்டிய சாமான்கள்

செயின் சாவைக் காப்பாற்றப் பெரிய பட்டறை தேவையில்லை. உருண்டை அரம் ஒன்று, தட்டை அரம் ஒன்று, ஆழம் பார்க்கும் தகடு, பிளக் கழற்றும் ஸ்பேனர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், அளவுக் கோடு போட்ட கலவைப் பாட்டில், டூ-டி ஆயில், சங்கிலி எண்ணெய் ஆகியவை போதும். இவற்றை ஒரு பையில் போட்டு மிஷினோடு காட்டினால் பெரும்பாலோர் மறுக்காமல் வாங்குவார்கள். தீர்ந்துபோகும் ஆயிலுக்கும் தேயும் அரத்துக்கும் அவர்கள் திரும்பவும் நம் கடைக்கே வருவார்கள். மிஷினில் லாபம் ஒரு முறை. இவற்றில் லாபம் ஆண்டு முழுவதும்.

அரம் வாங்கி வைக்கும்போது அளவு முக்கியம். சிறிய மிஷின்களில் வரும் மெல்லிய 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரம்; .325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரம். சங்கிலியின் அளவு வாள்தகட்டிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல் அரம் கொடுத்தால் பல் கெட்டுவிடும்.

வாடிக்கையாளருக்குச் சொல்லித்தர வேண்டியவை

1. பெட்ரோல்: இது டூ-ஸ்ட்ரோக் என்ஜின். ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்று புத்தகம் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்தக் கணக்கு என்பதை மிஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இப்போது பங்குகளில் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மிஷினை எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும்.

2. சங்கிலி எண்ணெய்: பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் இதையும் நிரப்ப வேண்டும். வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றக் கூடாது. அதில் உள்ள இரும்புத் தூள் பம்பையும் சங்கிலியையும் தின்றுவிடும். வாளின் நுனியைக் காய்ந்த பலகைக்கு மேல், படாமல் பிடித்து வேகமாக ஓடவிட்டால் பலகையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் எண்ணெய்த் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

3. சங்கிலியின் இறுக்கம்: என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நட்டுகளைத் தளர்த்தி, வாளின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி திருகைத் திருப்பி, சங்கிலி வாளின் அடிப்பக்கத்தில் ஒட்டி நிற்கும்படி செய்து, நட்டுகளை முடுக்க வேண்டும். அதன் பின்னும் கையால் இழுத்தால் சங்கிலி சுற்றி வர வேண்டும். சூட்டில் சங்கிலி நீளும். வேலையின் நடுவே இறுக்கியிருந்தால் முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது சுருங்கி, உள்ளே இருக்கும் தண்டையும் பேரிங்கையும் இழுத்துக் கெடுக்கும்.

4. பல் தீட்டுதல்: மரத்திலிருந்து சீவல் சீவலாக வந்தால் பல் கூர்மையாக இருக்கிறது. மாவு போலத் தூள் வந்தால் மழுங்கிவிட்டது. விழுந்து கிடக்கும் மரத்தில் ஒட்டிய மண்ணே பல்லுக்கு முதல் பகை. அரத்தைச் சுமார் 30 டிகிரி சாய்வில், பல்லின் உட்புறமிருந்து வெளிப்புறமாக ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பல் குட்டையானால் வாள் கோணலாகப் போகும். மூன்று நான்கு முறை தீட்டிய பின், பல்லுக்கு முன்னே உள்ள மேட்டைத் தகடு வைத்துப் பார்த்துத் தட்டை அரத்தால் சிறிது குறைக்க வேண்டும்.

5. சுத்தம்: ஏர் ஃபில்டரைத் தினமும் தட்டித் துடைக்க வேண்டும். வாளின் காடியில் சேரும் தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். அவ்வப்போது வாளைத் தலைகீழாக மாற்றிப் போட்டால் இரு பக்கமும் சமமாகத் தேயும்.

6. உயிர்க் காப்பு: வாள் நுனியின் மேல்பாதி மரத்தில் பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளின் முகத்தை நோக்கித் துள்ளும். இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஏணி மீது நின்று அறுக்கக் கூடாது. செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கண்ணாடி, கையுறை, ஹெல்மெட், பூட்ஸ் ஆகியவற்றையும் கடையில் வைத்திருங்கள்.

சட்டம் நம்மை எங்கே பிடிக்கும்?

“எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, நாம் ஏன் சொல்ல வேண்டும்?” என்று சில உறுப்பினர்கள் கேட்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அல்லாத விற்பனையாளரும் எப்போது நட்ட ஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று சொல்கிறது. இந்தப் பகுதி 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் மூன்று நமக்கு முக்கியம்.

தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குச் சேர்க்காமல் விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால் நாம் பொறுப்பு. தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தாலும் நாம் பொறுப்பு. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றாலும் பொறுப்பு நம் மேல் வரும்.

ஆகவே பெயர் இல்லாத பெட்டியில் வரும் சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட சரக்கைப் பில்லோடு கொள்முதல் செய்யுங்கள். புத்தகம் தமிழில் இல்லையென்றால் அதன் எச்சரிக்கைகளையும் மேலே சொன்ன ஆறு குறிப்புகளையும் ஒரு தாளில் அச்சடித்துப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். கொடுத்ததைப் பில்லில் குறித்து வாடிக்கையாளரின் கையெழுத்து வாங்குங்கள். “ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள்.

மலிவான கருவியை விற்பது தவறல்ல. நம் ஊர் விவசாயிக்கு எட்டும் விலை அதுதான். ஆனால் கவனிப்பில்லாத மலிவுக் கருவி, வாங்கியவருக்குத் தண்டச் செலவு. விற்றவருக்குக் கெட்ட பெயர். அடுத்த மிஷினைப் பெட்டியோடு தூக்கிக் கொடுக்காமல் பத்து நிமிடம் ஒதுக்கிப் பெட்டியைப் பிரித்துக் காட்டுங்கள். அந்தப் பத்து நிமிடம்தான் அவரை நம் வாடிக்கையாளராகப் பல ஆண்டு வைத்திருக்கும்.