மாற்றுமுன் அளந்து பாருங்கள்

தம்பிலுவில் பக்கத்து வட்டைகளில் மருந்தடிப்பது இன்னும் பெரும்பாலும் முதுகுத் தெளிகருவியால்தான். ஆனாலும் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ கராஜ் வேலைக்குச் சேரும் இளைஞர்கள், உழவு இயந்திரத்தில் பூட்டும் பூம் தெளிகருவியின் சொலனொயிட் வால்வை (மின்சாரத்தால் ஒயில் வழியைத் திறந்து மூடும் வால்வை) சோதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அறுவடை மிசினிலும் பெக்கோவிலும் இதே வகை வால்வு உண்டு. இந்தச் சோதனை கைவந்தவருக்கு வளைகுடாவிலும் வேலை இருக்கிறது.

சுவிட்சை அழுத்தியும் பூம் எழும்பாவிட்டால் "வால்வு பழுதாப் போயிட்டு" என்று உடனே புதிது வாங்கச் சொல்லிவிடுகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு உதிரிப்பாகம் விற்கும் விலைக்கு, அளக்காமல் அப்படிச் சொல்வது விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் கையுறை போட்டு மருந்து எச்சத்தைக் கழுவுங்கள். ஒயில் கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. உயர் அழுத்த ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க ஒரு மட்டைத் துண்டு போதும்.

பல வால்வுகளின் நுனியில் கையால் அழுத்தும் ஊசி ஒன்று இருக்கும். பூமுக்குக் கீழேயும் அருகிலும் ஆளில்லாதபடி பார்த்து, எஞ்சினை ஓடவிட்டு, அதை அழுத்துங்கள். பூம் அசைந்தால் ஒயில் பக்கம் சரி, பழுது மின்சாரத்தில். அசையாவிட்டாலும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சில மிசின்களில் ஒயில் டாங்கிக்கே திரும்பிப் போகும் வழியை அடைக்க இன்னொரு சொலனொயிட் இருக்கும். அதுவும் சேர்ந்து வேலை செய்தால்தான் பூமுக்கு அழுத்தம் வரும். இதை அறியாமல் நல்ல வால்வைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

அடுத்தது கொயில். இணைப்பைக் கழற்றி, கொயில் ஆறியிருக்கும்போது மல்டிமீட்டரால் தடையை அளக்கவும். 12 வோல்ட், 30 வாட் கொயிலென்றால் ஏறக்குறைய 5 ஓம் காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால் ஷோட். இலக்கத்தில் சந்தேகமா? பக்கத்திலிருக்கும் அதே வகைக் கொயிலோடு ஒப்பிடுங்கள். இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டும்போது பழுதும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி கொயில்தான்.

பலரும் தவறுவது வோல்ட் அளப்பதில்தான். கழற்றிய வயரில் 12.6 வோல்ட் வரும். உடனே வயரிங் நல்லது என்று நினைத்துவிடுவார்கள். கொயிலைப் பூட்டி, சுவிட்சைப் போட்டு, இணைப்பின் பின்பக்கமாக அளந்தால் அதே இடம் 8 வோல்ட்தான் காட்டக்கூடும். இதற்கு ஒரு காரணம், எங்கள் கடலோரத்தில் உப்புக் காற்றும் மருந்துத் தண்ணீரும் செப்பு முனையில் பிடிக்க வைக்கும் பச்சைக் களிம்பு. சுவிட்ச் போட்டபடியே மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் மறை (−) முனையிலும் மற்றதைக் கொயிலின் ஏர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் இணைப்பைத் துப்புரவாக்குங்கள். பல நாள் தலைவலி அங்கேயே தீரும்.

மின்சாரம் முழுதும் சரியாயிருந்தால் மட்டும் பூமை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு வால்வைக் கழற்றுங்கள். உள்ளே தூசியா, ஓ-ரிங் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பப் பூட்டும்போது கொயில் நட்டை மிஞ்சி இறுக்கினால் உள்குழாய் வளைந்து அதற்குள் அசையும் தண்டு சிக்கும்.

வேலை முடிந்ததும் ஒயில் சூடேறும்வரை ஓடவிட்டு இன்னொருமுறை சோதியுங்கள். செப்புக் கம்பி சூடானால் தடை கூடும். அதனால் காலையில் ஒழுங்காக வேலை செய்த கொயில் நடுப்பகலில் நின்றுவிடலாம். அளவுகளை வேலை அட்டையில் எழுதி, மாற்றிய பழைய பாகத்தோடு வயல் உரிமையாளரான போடியாரிடம் கொடுங்கள்.