பயிர்க் காப்பீடும் நம் பாக்கி நோட்டும்
(தணிக்கை அறிக்கையைக் கடைசி வரை தொடர்ந்து பார்ப்பது எப்படி?)



கிராமத்துக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற மொத்த வியாபாரிகள் யாவரும் ஆண்டுதோறும் கேட்கிற பதில் ஒன்று உண்டு. "இன்சூரன்ஸ் பணம் ஏறினதும் கொடுத்துடறேன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க முதலாளி. வந்த அன்னிக்கே கொண்டாந்து கட்டிடறேன்." சொல்லுகிறவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நோட்டில் விவசாயியின் பாக்கி நிற்கிறது. அவருடைய பாக்கி நம் பேரேட்டில் நிற்கிறது. நாமோ மில்லுக்குப் பதினைந்து நாளில் பணம் கட்டியாக வேண்டும்.

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அந்தப் பருவத்துக்கு நம் மாநிலத்துக்கென வந்த காப்பீட்டுத் தொகை 3,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆனால் பணம் ஊர் ஊராக, வெவ்வேறு காலத்தில் வந்தது. தை மாதம் வர வேண்டிய வசூல், சில ஊர்களில் தீபாவளி கழிந்தும் நம் கைக்கு வரவில்லை. 2 லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருந்த ஒரு சில்லறைக் கடைக்காரர், நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கிப் பத்து மாதம் ஓட்டினார். வட்டி மட்டும் 30,000 ரூபாய். ஒரு சிறு மளிகைக் கடையில் அந்தத் தொகையை லாபமாகப் பார்க்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே, வேளாண்மைத் துறையின் கணக்கை யார் சோதிக்கிறார்கள், சோதித்துச் சொன்ன குறைகளைத் துறை சரிசெய்ததா என்பது விவசாயிக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் பணம் ஏன் தாமதிக்கிறது என்று பார்ப்போம். 2016 காரிஃப் பருவம் முதல் நடப்பது பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம். உணவுப் பயிர், எண்ணெய் வித்துகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் காரிஃபுக்கு 2 சதவீதம், ராபிக்கு ஒன்றரை சதவீதம், பணப்பயிர் தோட்டப்பயிர்களுக்கு 5 சதவீதம் வரை விவசாயி கட்டுகிறார். ஏக்கருக்கு 30,000 ரூபாய் காப்பீடு என்று வைத்துக் கொண்டால், ஒன்றரை சதவீதம் 450 ரூபாய். உண்மைப் பிரீமியம் அதைவிடப் பன்மடங்கு அதிகம். மீதியை மத்திய அரசும் மாநில அரசும் பெரும்பாலும் பாதிப் பாதியாகக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். இந்த மூன்று பணமும் சேர வேண்டும். கூடவே விளைச்சல் கணக்கும் வர வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அதை நடத்திக் கணக்குக் கொடுப்பது மாநில அரசின் பொறுப்பு. கணக்கு வராமல் கம்பெனி இழப்பைக் கணிக்க முடியாது. நான்கு வழிகளில் எது அடைத்தாலும் பணம் நிற்கும்.

இழப்பைக் கணிக்கும் விதமும் கடைக்காரருக்குத் தெரிந்திருப்பது நல்லது. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி விளைச்சலை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை உத்தரவாத விளைச்சல் என்று வைக்கிறார்கள். அது 1,000 கிலோ, இந்த ஆண்டு அந்தப் பகுதியின் விளைச்சல் 700 கிலோ என்றால், குறைவு 30 சதவீதம். 30,000 ரூபாய்க் காப்பீட்டுக்கு 9,000 ரூபாய் கிடைக்கும். கவனிக்க: கணக்கில் வருவது ஊரின் விளைச்சல், தனி ஆளின் வயல் அன்று. தன் வயல் மட்டும் காய்ந்து ஊர் விளைந்திருந்தால் இந்தக் கணக்கில் அவருக்கு ஒன்றும் வராது. "இன்சூரன்ஸ் வரும்" என்று சொல்லிச் சரக்கு கேட்கிறவரிடம், ஊர் முழுவதும் எப்படி என்று ஒரு வார்த்தை விசாரித்துக் கொள்ளலாம்.

இனி தணிக்கைக்கு வருவோம்.

பத்திரிகைகளில் சி.ஏ.ஜி. என்று வருகிறாரே, அவர்தான் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அரசியல் சட்டத்தின் 148-ஆவது பிரிவு அந்தப் பதவியை ஏற்படுத்துகிறது. 151-ஆவது பிரிவின்படி அவருடைய அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்துக்கும், மாநிலக் கணக்கானால் ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கும் போகிறது. அறிக்கை வெளியான மறுநாள் பத்திரிகையில் தலைப்புச் செய்தி. நான்காம் நாள் நாமும் மறந்து விடுகிறோம். ஆனால் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. பில் போட்டவுடன் வசூல் ஆகிவிடுகிறதா என்ன?

பயிர்க் காப்பீடு பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 2017-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் அறிக்கை. அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2011-12 முதல் 2015-16 வரை நடந்த பழைய காப்பீட்டுத் திட்டங்களை ஒன்பது மாநிலங்களில் சோதித்தார்கள். தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. எனினும் சொல்லப்பட்ட குறைகளைப் படித்தால் நம் ஊரைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. காப்பீடு செய்த விவசாயிகள் யார் யார் என்ற முழு விவரத் தொகுப்பு அரசிடம் இல்லை. குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிரிடுவோர் பற்றிய கணக்கே இல்லை. அறிவிக்கை வெளியிடுவதிலும், விளைச்சல் கணக்குக் கொடுப்பதிலும், இழப்பீடு வழங்குவதிலும் தாமதம். விசாரித்த விவசாயிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குத் திட்டத்தைப் பற்றியே தெரியவில்லை. பத்துத் தனியார் கம்பெனிகளுக்கு 3,622.79 கோடி ரூபாய் பிரீமிய மானியம், நெறிமுறைகள் பின்பற்றப்பட்டனவா என்று சரிபார்க்காமலே விடுவிக்கப்பட்டது. சரக்கு வந்து இறங்கியதா என்று பார்க்காமல் லாரிக்காரன் சொன்ன தொகையைக் கொடுத்து அனுப்பியது போல.

இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பின்தொடர்வது நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் வேலை. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், ஆக 22 உறுப்பினர்கள். அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருந்து வருகிறார். எல்லா அறிக்கைகளையும் குழு விசாரிக்க நேரம் இராது. சிலவற்றையே எடுத்துக் கொள்கிறது. எடுத்துக் கொள்ளாதவை தப்பிவிடக் கூடாது என்பதற்காக 1997-இல் குழு ஒரு விதி வகுத்தது. அறிக்கை சபையில் வைக்கப்பட்ட நான்கு மாதத்துக்குள், ஒவ்வொரு பத்திக்கும் என்ன செய்தோம் என்று அமைச்சகம் குறிப்பு எழுதித் தர வேண்டும். அந்தக் குறிப்பைத் தணிக்கைத் துறையும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதற்கு 'எடுத்த நடவடிக்கைக் குறிப்பு' என்று பெயர்.

குழு விசாரித்துத் தானே ஓர் அறிக்கை கொடுத்தால், அரசின் பதிலை வாங்கி இன்னொரு அறிக்கையும் வெளியிடும். அந்த இரண்டாவது அறிக்கைதான் நம் பாடத்துக்கு முக்கியம். அதில் பரிந்துரைகளை நான்கு தலைப்பில் பிரித்திருப்பார்கள். அரசு ஏற்றுக் கொண்டவை ஒன்று. அரசின் பதிலைப் பார்த்துக் குழு மேற்கொண்டு வற்புறுத்தாமல் விட்டவை ஒன்று. பதில் திருப்தியில்லை என்று குழு மறுபடியும் வலியுறுத்துபவை ஒன்று. இடைக்காலப் பதில் மட்டும் வந்தவை ஒன்று. நம் பேரேட்டு மொழியில் சொன்னால் வரவு, தள்ளுபடி, தகராறுப் பாக்கி, தவணை. அறிக்கை முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் படித்தால் போதும். துறையின் யோக்கியதை அங்கே தெரியும்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. நம் தொழிலிலும் அதைப் பார்த்திருக்கிறோம். பழைய கடையை மூடிவிட்டுப் பெயரை மாற்றிப் புதுப் பலகை மாட்டுகிற பார்ட்டி. பழைய பாக்கியைக் கேட்டால், "அது அந்தக் கடைக் கணக்கு, இது வேறு" என்பார். 2017 அறிக்கை வந்தபோது அது சோதித்த திட்டங்களில் முக்கியமானவை போய்ப் புதிய திட்டம் வந்து ஓராண்டாகியிருந்தது. "புதுத் திட்டத்தில் இதெல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதற்கு அது வசதியான நேரம். ஆகவே திட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, குறையை மட்டும் பிடித்துக் கொண்டு போக வேண்டும். புதுக் கணக்குப் போடுகிற நாளில் முன்பாக்கியை முதல் வரியில் எழுதுவது நம் வழக்கம் அல்லவா? அப்படி எழுதிப் பார்ப்போம்.

விவரத் தொகுப்பு: தேசியப் பயிர்க் காப்பீட்டு இணையதளம் வந்திருக்கிறது. 2017 காரிஃப் முதல் ஆதார் கட்டாயம். பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. இதை வரவு வைத்துவிடலாம்.

விவசாயிக்குத் தெரியாமை: கடன் வாங்கியவருக்குக் காப்பீடு தானாகப் பிடிக்கப்பட்டு வந்த முறை 2020 காரிஃப் முதல் விருப்பமாக மாறியது. 2022-இல் பாலிசிக் காகிதத்தை வீட்டுக்கே கொடுக்கும் இயக்கம் தொடங்கினார்கள். காகிதம் கைக்கு வந்தவர் அதைப் படித்துப் புரிந்து கொண்டாரா என்பது வேறு விஷயம். பாதி வரவு.

தாமதம்: இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். 2018 அக்டோபரில் திருத்திய நெறிமுறை வந்தது. கெடு கடந்து இரண்டு மாதத்துக்கு மேல் கம்பெனி தாமதித்தால் 12 சதவீத வட்டி. மாநில அரசு தன் பங்கை மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்தால் அதற்கும் 12 சதவீதம். எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. 12 சதவீதம் என்பது நம் பேச்சில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கிராமத்துக் கடைக்காரர் வெளியில் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் வாங்குகிறார். ஒரு ரூபாய் வட்டிக்குப் பயந்து யாராவது சீக்கிரம் பணம் கட்டுவார்களா? அந்த வட்டியும் 2024 காரிஃப் முதல்தான் இணையதளத்தில் தானாகக் கணக்கிடப்படுகிறது. அதுவரை கேட்டு வாங்க வேண்டிய வட்டி. கேட்டு வாங்குகிற வட்டியின் கதி நமக்குத் தெரியும். வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 ஆகஸ்டில் தந்த 29-ஆவது அறிக்கையிலும் இழப்பீட்டுத் தாமதத்தைப் பேச வேண்டியிருந்தது. இதற்கிடையே பீகார், மேற்கு வங்கம், குஜராத் ஆகியவை திட்டத்திலிருந்தே விலகின. மாநிலங்கள் தம் பங்கை எஸ்க்ரோ கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும் என்பது 2025 காரிஃப் முதல் கட்டாயம். 2017-இல் தணிக்கை எழுதிய குறைக்குச் சரியான மருந்து என்று நாம் கருதுவது இதுதான். வந்து சேர எட்டு ஆண்டு. இதைத் தவணைப் பக்கத்தில் எழுதி வைப்போம். இரண்டு மூன்று பருவம் பார்த்துவிட்டு வரவுக்கு மாற்றலாம்.

குத்தகைதாரர்: இது நிற்கும் பாக்கி. விதிப்படி அவரும் சேரலாம். ஆனால் பயிர் செய்வது தாம்தான் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க வேண்டும். டெல்டாவில் எத்தனை குத்தகை வாய்ப்பேச்சில் நடக்கிறது என்பதை நாம் அறிவோம். தம் பெயர் எழுத்தில் ஏறுவதை நிலத்துக்காரர் விரும்புவதில்லை. நம் கடைகளில் கடனுக்குச் சாமான் வாங்குகிறவர்களில் இவர்களே அதிகம். பணக்கார மிராசுதார் கடனுக்குப் புளி வாங்குவதில்லை.

சங்க உறுப்பினர்கள் செய்யக் கூடியவை சில. சி.ஏ.ஜி. அறிக்கைகள் அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பத்திக்கான எடுத்த நடவடிக்கைக் குறிப்பு வேண்டுமானால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அமைச்சகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "பயிர்க் காப்பீட்டில் என்ன நடக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். அறிக்கை எண், ஆண்டு, பத்தி எண் மூன்றையும் குறிப்பிட்டு, "இந்தப் பத்திக்கு எடுத்த நடவடிக்கைக் குறிப்பு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது? அதன் நகல் தருக" என்று கேட்க வேண்டும். பில் நம்பர் போட்டுப் பாக்கி கேட்பது போல.

கடை வைத்திருக்கும் நண்பர்கள் இன்னொன்றும் செய்யலாம். காப்பீட்டுப் பணத்தைச் சொல்லிக் கடன் கேட்பவரிடம், இந்தப் பருவம் பிரீமியம் கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், விண்ணப்ப எண்ணைச் சொல்லி 14447 என்ற உதவி எண்ணில் நிலை விசாரிக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள். சம்பாவுக்குப் பதிவுக் கெடு பெரும்பாலும் நவம்பர் நடுவில் முடிகிறது. அதற்குள் அடங்கல் வாங்காத குத்தகைக்காரர்கள் உங்கள் நோட்டில் யார் யார் என்று ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.